ஒன்றோடு நின்ற துப்பாக்கி

போன வாரம் ஒரு அரசாங்கக் காரியமாக நுவரெலியா கச்சேரிக்குப் போயிருந்தேன். அந்த அலுவலகத்து கிளார்க் பெண்ணின் ஸ்டேப்ளர் ஒரு கம்பியோடு நின்றுவிட்டது. மேசையில் தட்டிப் பார்த்தாள். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அடுத்ததை மேலே தள்ளாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லவில்லை. இப்படிப் பழுது பார்த்துத்தான் ஒருமுறை கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினேன்.

அப்போது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை பெக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் நான். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தில் நாய் வளர்க்கக் கூடாது என்பது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் சட்டம். மாதம் ஒருமுறை யுத்தகாலத்துக் கைத்துப்பாக்கியோடு நாய்களைச் சுட வருவார். அது ஒரு வெடியோடு சிக்கிக்கொள்ளும். அவர் அதை உதறுவதற்குள் பிள்ளைகள் மற்ற நாய்களைத் தேயிலைக்குள் விரட்டிவிடுவார்கள். ஒன்றோடு போகும் என்று லயமே பழகியிருந்தது.

ஒருநாள் துரை பெக்டரிக்கே வந்தார். "பிட்டர், ஒன்னு சுட்டா நின்னுருது. பாரு."

பார்த்தேன். தோட்டா அடுக்கும் பெட்டியின் வாய் அகன்று, தோட்டா மூக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேலே வந்தது. ஸ்பிரிங்கும் செத்திருந்தது. வாயைக் குறடால் நெருக்கி, வேறு ஸ்பிரிங் சுற்றிப் போட்டேன். எதற்கு என்று தெரியாமலா? தெரியும். கை வேலையில் இருக்கும்போது புத்தி எங்கோ போய்விடும் எனக்கு. பங்களாவுக்குப் பின்னால் மண்மேட்டில் சுட்டுப் பார்த்தபோது ஏழு தோட்டாவும் தடங்கலின்றி வெடித்தன. துரை தோளில் தட்டினார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன், மடையன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வெடி கேட்டதும் பிள்ளைகள் வழக்கம்போல நிதானமாகக் கிளம்பினார்கள். துப்பாக்கி நிற்கவில்லை. நான்கு நாய்கள் விழுந்தன. மூன்றாவது எங்கள் வீரன். கொட்டகலையிலிருந்து என் மனைவி கல்யாணமாகி வந்தபோது அவள் பின்னாலேயே நடந்து வந்த நாய்.

அவள் வாசலில் நின்றுகொண்டு கேட்டாள். "நீங்கதான் சரி பண்ணிக் குடுத்தீங்களா?"

"ஆமா."

"சாப்பிட வாங்க."

சாப்பிட்டேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மறுநாளும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் போனது, பெக்டரி ஓடியது. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் ஓட்டைச் சட்டிகளை என்னிடமே அடைக்கக் கொண்டுவந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

துரை சீமைக்குப் போய்விட்டார். அந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள். என் மனைவி நாற்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தினாள். வீரனுக்குப் பிறகு ஒரு நாய்க்கும் அவள் சோறு வைக்கவில்லை, அதைப் பற்றி ஒரு நாளும் பேசவுமில்லை. அன்றைக்கே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம். திட்டுவதற்கு இப்போது அவளும் இல்லை.