மூன்று தடவை வந்த பதில்

சத்தியமாக நடந்தது இது. கட்டுக்கதை என்று தள்ளிவிடாதீர்கள். இது யாருக்கு நடந்ததோ, அவர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கல்லூரியில் தத்துவப் பேராசிரியை. யார் என்ன சொன்னாலும், "உனக்கு எப்படித் தெரியும்?" என்பார். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயரே ‘எப்படித் தெரியும் மேடம்’தான்.

வீட்டிலும் அதே கூத்து. கூட இருந்தது அக்கா ஒருத்திதான். கல்லூரியிலிருந்து வந்ததும் அக்காவின் அறைக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார். பதில் வந்தாலும் திருப்தி வராது. கதவைத் திறந்து கண்ணால் பார்த்தாக வேண்டும். முந்தின நாள் அக்கா வெடித்துவிட்டாள்.

"குரல் கேட்டா போதாதா? ஒரு நாளாவது என்னை நம்பித் தொலையேன்டி!"

மனசு சுருக்கென்றது. இனிமேல் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தார்.

மறுநாள் மாலை 4.05. நல்ல வெளிச்சம்.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டி."

அப்பாடா என்று அந்தக் கதவுக்கு வெளியிலேயே உட்கார்ந்து விடைத்தாள்களைப் பிரித்தார். நம்பிக்கை எப்போது அறிவாகும் என்பது கேள்வி. நம்புவது உண்மையாக இருக்க வேண்டும், நம்பத் தக்க காரணமும் இருக்க வேண்டும் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். "இது போதுமா?" என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினார்.

4.20. உள்ளே மின்விசிறிச் சத்தமே கேட்கவில்லை. அக்காவுக்குப் புழுக்கம் ஆகவே ஆகாதே?

"அக்கா?"

"இருக்கேன்டி."

அதே குரல். அதே இழுப்பு. மயிரிழை வித்தியாசம் இல்லை.

4.35. டக்... டக்... டக்...

"என்னக்கா சத்தம்?"

"இருக்கேன்டி."

கேட்டதற்கு அது பதில் இல்லையே...

கை கதவுப்பிடிக்குப் போனது. சத்தியம் ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டார்.

டக்... டக்...

டக்...

4.50. சத்தம் நின்றது.

திறந்தார்.

அக்கா தரையில் கிடந்தாள். உடம்பு சூடாக இருந்தது. மூச்சு இல்லை. இடது கை மட்டும் கட்டில் காலைத் தொட்டபடி...

டாக்டர் வந்து பார்த்தார்.

"பக்கவாதம். காலைலயே விழுந்திருக்காங்க. உயிர் இப்பத்தான் போயிருக்கு. அரை மணி நேரம் முன்னாடி பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா."

"மூணு தடவை பதில் சொன்னாளே டாக்டர்!"

"வாய்ப்பே இல்ல. விழுந்தப்பவே நாக்கு இழுத்துக்கிச்சு. ஒரு வார்த்தை வந்திருக்காது. கையால தட்டியிருப்பாங்க, அவ்வளவுதான்."

அக்கா உள்ளே உயிரோடு இருக்கிறாள் என்று நம்பினார். அது உண்மைதான். காதால் கேட்ட காரணமும் இருந்தது. ஆனால், அவரைக் கதவு திறக்கவிடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது யார்?

இன்றுவரை தெரியாது. அந்த அறையைப் பூட்டியே வைத்திருக்கிறார். அதன் வெளியே நின்று மறந்தும் "இருக்கியா?" என்று கேட்பதில்லை.

பதில் வந்துவிடுமோ என்று பயம்.