பேபியிடம் கற்ற இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவளுக்கு அப்போது மூன்றரை வயது. எனக்குப் பதினேழு. இலங்கை மலைநாட்டில், டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் கங்காணி என்னை மலையிலிருந்து இறங்கச் சொன்னார்.

"பங்களாவுல பிள்ளையப் பார்த்துக்க ஆள் வேணுமாம். கை கால கழுவிக்கிட்டு மேல போ."

ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று தெரியாது. அம்மா மலைக்குப் போன நேரமெல்லாம் தம்பி தங்கைகள் நால்வரையும் இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான் என்பது நாங்கள் குடியிருந்த லய வரிசையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இருக்கலாம்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசாணிக்கு ஏழெட்டுத் தமிழ்ச் சொற்கள் தெரியும். வா, போ, கொண்டா, சுடுதண்ணி, சுருக்கா. எனக்கு இங்கிலீஷில் அவ்வளவுகூடத் தெரியாது. அவர்களுடைய ஒரே மகளைப் பங்களாவில் எல்லோரும் பேபி என்றுதான் அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

முதல் பாடம் பங்களாப் புல்வெளியில் நடந்தது. மழை விட்டிருந்தது. பேபி ஒரு நத்தையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஸ்னெயில்" என்றாள்.

"சினேல்" என்றேன்.

அவள் கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நோ, ஆயா. ஸ்னெயில்."

சரியாக வரும்வரை விடவில்லை. வந்ததும் என் கன்னத்தில் தட்டினாள். அப்புறம் நான், "நத்தை" என்றேன். "நட்டே" என்றாள். நானும் விடவில்லை. அன்று மதியச் சாப்பாட்டுக்குள் அவளுக்கு நத்தையும் எனக்கு ஸ்னெயிலும் படிந்துவிட்டன.

இப்படி நான் கற்றது தரையோடு தரையாக இருந்த இங்கிலீஷ். மண்புழு, சேற்றுக்குட்டை, பொத்தான், காலுறை, கிச்சுக்கிச்சு என்று ஒரு பிள்ளையின் உயரத்தில் என்னென்ன உண்டோ அதற்கெல்லாம் சொல் கிடைத்தது. அதற்கு மேலே இருந்த எதற்கும் எனக்குச் சொல் இல்லை. ஒரு தடவை வராந்தாவில் துரை பால் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் தீர்ந்துபோனால் பேபி செய்வதைப் போலவே நான் இரண்டு கைகளையும் விரித்து, "ஆல் கான்!" என்றேன். துரை வாயிலிருந்த பைப்பை எடுத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் நான் சொன்னது ஒரு துரைக்கு விளங்கிவிட்டது என்ற சந்தோஷம் அன்று முழுக்க இருந்தது.

இரண்டு வருஷத்தில் பேபியின் தமிழ் என் இங்கிலீஷைத் தாண்டிப் போய்விட்டது. பொம்மைகளை அவள் தமிழில்தான் திட்டினாள். பனி மூட்டம் மலையிலிருந்து இறங்கினால், "மூட்டம் வருது, உள்ள போவோம்" என்று என் சேலையை இழுப்பாள். விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் "ஐயோ அம்மா" என்று எங்கள் லயத்துப் பிள்ளைகளைப் போலவே அழுவாள். அம்மா என்று அவள் கூப்பிட்டது துரைசாணியை அல்ல. எங்கள் வழக்கப்படி வலிக்குச் சொல்லும் சொல் அது. துரைசாணிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒரு காலைச் சாப்பாட்டின்போது நான் பேபியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். துரைசாணி துரையிடம் பேசினாள். பேபி கூலிப் பிள்ளை மாதிரி பேசுகிறாள், இனி வைத்திருக்கக் கூடாது, ஆறு வயதாகுமுன் ஹோம் போக வேண்டும் என்றாள். பெரியவர்கள் பேசிய இங்கிலீஷ் முதல் தடவையாக எனக்கு முழுசாக விளங்கியது அன்றுதான்.

விளங்கியது என்றுதான் நினைத்தேன். ஹோம் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். தேயிலைக்குள் நடந்துவிட்டுத் திரும்பும்போது பேபி தினமும் சொல்வாள், "லெட்ஸ் கோ ஹோம், ஆயா." அப்போது நாங்கள் இந்தப் பங்களாவுக்குத்தான் வருவோம். இப்போதும் ஹோமில்தானே இருக்கிறோம், பிறகு எங்கே போவது? துரைசாணி ஏதோ கோபத்தில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் கவலையில்லாமல் இருந்தேன்.

அப்புறம் இரண்டு தகரப் பெட்டிகளை வெயிலில் வைத்துத் துடைத்தார்கள். பேபியின் குளிர்ச் சட்டைகளை மடித்து வைத்தார்கள். பங்களாச் சமையற்காரரை நாங்கள் அப்பு என்போம். அவரிடம் போய்க் கேட்டேன்.

"பெட்டியெல்லாம் எதுக்கு அப்பு?"

"பிள்ளை சீமைக்குப் போகுது. ஒனக்குச் சொல்லலையா?"

"ஹோமுக்குப் போகணும்னுதானே சொன்னாங்க."

அவர் வெங்காயம் அரிவதை நிறுத்தினார். "ஹோம்னா சீமைதான், புள்ள. நம்ம ஆளுங்க ஊருக்குப் போறோம்னு சொல்றதில்லையா? அந்த மாதிரிதான்."

எங்கள் லயத்தில் ஊர் என்றால் இந்தியா. நான் அதைப் பார்த்ததில்லை. பேபியும் சீமையைப் பார்த்ததில்லை.

துரைசாணியும் பேபியும் புறப்பட்ட அன்று ஹட்டனில் ரயில் பிடிக்கக் கார் வந்தது. பேபி உள்ளே ஏறி, பக்கத்தில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏறு ஆயா" என்றாள் தமிழில்.

துரைசாணி என்னைப் பார்த்தாள். பேபியிடம் உண்மையைச் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை. தமிழ் போதும், வாய் வரவில்லை. துரைசாணி க்ளப்புக்குப் போகும்போதெல்லாம், சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதற்குப் பேபியிடம் சொல்லும் இரண்டு சொற்கள் நினைவுக்கு வந்தன. "பேக் சூன்" என்றேன். பேபி நம்பினாள். கார் திரும்பும்வரை சிரித்துக்கொண்டே கை காட்டினாள்.

மறு வாரம் நான் திரும்பவும் மலைக்குப் போனேன். நிரையில் நின்று கொழுந்து எடுக்கும்போது கற்ற சொற்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்து நிரைக்காரி, "என்னடி முணுமுணுக்குற?" என்பாள். நான் நிறுத்தமாட்டேன். பேசாவிட்டால் மறந்துவிடுமோ என்ற பயம். மறந்துவிட்டால் பேபி வரும்போது எப்படிப் பேசுவது?

ஐந்தாறு மாதம் கழித்துத் துரைசாணி தனியாகத் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினாள். பேபி படித்த, படங்கள் போட்ட இங்கிலீஷ் அரிச்சுவடியை என் கையில் கொடுத்தாள். பிறகு, நீங்கள் இருவரும் நாளெல்லாம் என்னதான் பேசுவீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். மண்புழு, மேகம், மாடு, மம்மி எப்போது வருவாள் என்பது.

கடைசியைச் சொன்னதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவரை அவள்மேல் எனக்கிருந்த கோபம் அங்கேயே பாதி போய்விட்டது. நான் கேட்காமலே, பேபி படிக்கும் பள்ளிக்கூடத்தின் விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை தமிழ் படித்தவள் நான். அந்த அரிச்சுவடியை வைத்து இங்கிலீஷ் எழுத்துகளை எழுதிப் பழகினேன். ஆறு வரிக் கடிதம் எழுத ஒரு மழைக்காலம் முழுதும் ஆனது. மூன்று மாதத்தில் பதில் வந்தது. ஆடாமல் அசையாமல் வரிசையாக நின்ற எழுத்துகள். நான் நலம், என்னிடம் ஒரு முயல் இருக்கிறது, இங்கே பனி பெய்கிறது என்று பேபி எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி. நான் முன்பு உன் பாஷை பேசுவேன் என்று மம்மி கடிதத்தில் சொல்கிறாள், எனக்கு ஒன்றும் நினைவில்லை, நான் என்ன பேசினேன்?

அந்த வரியை எத்தனை முறை படித்தேனோ தெரியாது. பிறகு அவள் பேசிய தமிழையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். நிலா, எறும்பு, குளிருது, என்னைத் தூக்கு, நான் சாப்பிடமாட்டேன். பக்கத்தில் அர்த்தமும் எழுதினேன். இரண்டு தாள் நிறைந்தது. தபால் கந்தோருக்கு நடந்து போய் நானே போட்டேன்.

அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த வருஷம் துரையும் துரைசாணியும் ஒரேயடியாகச் சீமைக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆள் இல்லாமல் போயிற்று.

எனக்குக் கல்யாணமானது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் வேலை கிடைத்தது. பள்ளிக்கூட வாத்தியாரிடம் புத்தகம் வாங்கிப் பெரியவர்களின் இங்கிலீஷையும் மெல்ல மெல்லப் படித்தேன். அறுபதுகளில் பங்களாவுக்குச் சிங்களத் துரை ஒருவர் வந்தார். குழந்தைகளின் பால்மா விஷயமாக ஒரு நாள் அங்கே போனேன். புதுத் துரைசாணி இங்கிலீஷில் கேட்டாள், நானும் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அவள் ஆச்சரியப்பட்டு, தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருவாயா என்று கேட்டாள். நடை பழகும் பெண் குழந்தை ஒன்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

போக எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, இன்னொரு பிள்ளையிடம் பேக் சூன் என்று சொல்லத்தான் மனமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். மறுநாள் வழக்கம்போலப் பிள்ளைக்காம்பராவைத் திறந்து தொட்டில்களைக் கட்டினேன். பங்களாவுக்குப் பதில் சொல்லி அனுப்பவே இல்லை.