பிரேக் அக்காவின் வலது கால்

யாராவது மண்வெட்டியைக் கொஞ்சம் வேகமாக ஓங்கினால் போதும், பிரேக் அக்காவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். ஓடைக்கரையில் தனக்கு அடியில் எதுவும் இல்லை என்பது அந்தக் காலுக்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுநர் பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுப்பவருக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பழகிய கால் அது. சேறு கணுக்காலுக்கு ஏறிய பிறகுதான் அக்காவுக்கே உறைக்கும். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்ன பெயரை இப்போது நேராகவே சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஏழு மணி. கரையில் செடி நட ஓடை வளைவில் ஆட்கள் கூடிவிட வேண்டும். ஏழு ஐந்துக்கு வந்தால், "வாங்க வாங்க, சிக்னல்ல மாட்டிக்கிட்டீங்களா?" என்று ஒரு வரவேற்பு உண்டு. அக்காவின் பேச்சு முழுக்க வண்டிப் பேச்சுதான். நாற்றைக் குழியில் வைத்து மண்ணை மொத்தமாகத் தள்ளப் போகிறவரிடம், "கிளட்ச்ச விடற மாதிரி மெதுவா விடுங்க. பட்டுனு விட்டா செடி ஆஃப் ஆயிடும்" என்பார். சரிவில் பின்னால் நகர்கிறவரிடம், "ரிவர்ஸ் எடுக்கறப்ப திரும்பிப் பாருங்க, தண்ணிக்குள்ள பார்க்கிங் கெடையாது."

யாரையும் வாய் திறந்து பாராட்டியதாகச் சரித்திரம் இல்லை. பயிற்சிக் காரிலும் அப்படித்தான். ஆள் தேறிவிட்டான் என்று தோன்றினால், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் மடக்கி இருக்கையில் வைத்துக்கொள்வார். இனி பிரேக் என் பொறுப்பில்லை என்று அர்த்தம். அந்தச் சம்மணத்துக்காக மூன்று மாதம் தவம் கிடந்தவர்கள் இருக்கிறார்கள்.

பயிற்சிப் பள்ளிக்குப் பின்னால்தான் இந்த வளைவு. வருஷா வருஷம் மழையில் கரை இடிந்துகொண்டே போக, நகராட்சிப் பொறியாளர் கான்கிரீட் சுவருக்கு வரைபடம் போட்டுவிட்டார். "சுவர் வெச்சா தண்ணி கோவிச்சுக்கிட்டு எதிர்க்கரையத் தின்னும் சார். மேல இருக்கற காட்டுக்கும் ஈரம் ஏறாது" என்று அக்கா விடாமல் நச்சரித்தார். தாங்க முடியாமல் பொறியாளர் இரண்டு வருஷம் தவணை கொடுத்தார். செடியால் கரை நிற்கிறதா என்று மழைக்கு முன்னால் வந்து பார்ப்பார். நின்றால் சுவர் இல்லை. அவர் வருவதாகச் சொல்லியிருந்த நாள் போன ஞாயிறு, பதினொரு மணி.

அதனால் வழக்கமான பத்துப் பேரோடு, பல் மருத்துவமனை ஒன்றிலிருந்து இருபது பேரையும் அக்கா திரட்டியிருந்தார். கரையில் நட்ட நொச்சிகளில் சிவப்பு ரிப்பன். பிடுங்க வேண்டிய உண்ணிச்செடிகளில் பச்சை ரிப்பன். பழைய ஆட்களுக்கு இது அத்துப்படி. புதியவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவே இல்லை. சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ, இதைக்கூடவா சொல்லிக்கொடுப்பார்கள்? ஓடையில் வந்து விழும் மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்திருந்த பிளாஸ்டிக்கை எடுக்கப் பழைய ஆட்களோடு மேலே போய்விட்டார்.

திரும்பி வந்தபோது பல் டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. சிவப்பு போட்டது பதினேழு எடுத்தாச்சு. ஒரு வேர்கூட ஒடையல! தண்ணி விட்டு லேசா ஆட்டி ஆட்டி எடுத்தா முழுசா வந்துடும்."

கீழ் வரிசையின் ஆறு மாத நொச்சிகள் புல்மேல் வரிசையாகக் கிடந்தன. அக்காவின் கால் அழுந்தியது. ஆனால் வண்டி ஏற்கெனவே மோதி நின்றிருந்தது.

"சிவப்புன்னா என்னன்னு நெனச்சீங்க டாக்டர்?"

"தப்புன்னு... பரீட்சைப் பேப்பர்ல சிவப்புலதானே சுழிப்பாங்க?"

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? "உங்க மேல தப்பில்ல. எல்லாரும் என் வண்டியிலயே உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுட்டேன். நான்தான் சொல்லல" என்றார். பிறகு ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தார். டாக்டர் சொன்னது நிஜம். நுனிவேர்வரை முழுசாக இருந்தது. "ஈரச் சாக்கு கொண்டாங்க. தலைய பாதிக்கு வெட்டுங்க. அதே குழியில அப்படியே எறக்கணும்."

தண்ணீர் கேனோடு ஸ்கூட்டரில் வந்த கணவர் நிலைமையைப் பார்த்துக் காதோரம் சொன்னார்: "பேசாம நட்டு வெச்சுடு. அவருக்கு எப்படித் தெரியப் போகுது?" அக்கா அடுத்த குழிக்குச் செடியை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பத்தரைக்கே பொறியாளர் வந்து நின்றார். சொன்னதை நம்புகிற ஆள் இல்லை அவர். எதையும் பிடித்து இழுத்துப் பார்ப்பார். மேல் வரிசையின் இரண்டு வருஷ நொச்சியில் ஐந்தை இரண்டு கையாலும் இழுத்தார். ஒன்றும் அசையவில்லை. அப்புறம் கீழே இறங்கி, அரை மணிக்கு முன்னால் நட்ட செடியை நோக்கிக் குனிந்தார்.

அக்காவின் கால் அழுத்தியது. பொறியாளர் நிற்கவில்லை. வாய்தான் பிரேக் போட வேண்டியதாயிற்று.

"சார், அத இழுக்காதீங்க. கையோட வந்துடும். இப்பதான் நட்டோம். பதினேழு செடி என் தப்பால புடுங்கிட்டாங்க."

கணவர் வானத்தைப் பார்த்தார்.

"சொல்லாம இருந்திருக்கலாமே?" என்றார் பொறியாளர்.

"இழுத்திருந்தா தெரிஞ்சிருக்குமே சார்."

அவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். "மேல் வரிசை புடிச்சிருக்கு. கீழ் வரிசையும் இந்த மழையத் தாங்குச்சுன்னா சுவர் வேண்டாம்னு எழுதறேன். தாங்கலன்னா அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது." ஜீப் கிளம்பியது.

ஒரு செடிதான் மீதி இருந்தது. தண்ணீர் நேராக வந்து மோதும் மூக்கு முனைக்கான செடி. அங்கே பிடிக்காவிட்டால் மற்ற பதினாறும் பிடித்துப் பிரயோஜனமில்லை. டாக்டர் அதைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார்.

"இத நீங்களே நட்டுடுங்க அக்கா. எனக்கு பயமா இருக்கு."

"எடுக்கத் தெரிஞ்சவருக்கு வெக்கத் தெரியாதா? நீங்களே வைங்க."

அக்கா இரண்டடி தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தார். டாக்டர் முனையில் மண்டியிட்டு, வேரைக் குழிக்குள் இறக்கி, கைப்பிடி கைப்பிடியாக மண்ணைத் தள்ளினார். அவர் முழங்காலுக்கடியில் கொஞ்சம் மண் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. அக்காவின் வலது கால் மேலெழும்பியது.

அப்படியே குனிந்து பூட்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டு காலையும் மடக்கிப் பாறைமேல் வைத்துக்கொண்டார்.