கலாநிதி அருள்மேரி: ஒரு பல்பகுதியமும் பத்தொன்பது நாட்களும்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் விரிவுரை முடித்து வந்தபோது என் மேசைத் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. தெல்தோட்டையிலிருந்து அருள்மேரி அக்காவின் தங்கை செசிலியா பேசினார்.

"சேர், அக்காவ ஒரு வாகனம் அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு சேர்."

எந்த வாகனம் என்று கேட்டேன்.

"நிக்காமப் போயிருச்சாம். பாத்தவங்க யாரும் நம்பரச் சொல்ல மாட்டேங்கிறாங்க."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. இந்த யுத்த காலத்தில் தொலைபேசியில் இரண்டாவது கேள்வி கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமல் போய்விட்டது. பொலிசார் விபத்து என்று பதிந்திருக்கிறார்கள். எனக்கு அதற்குமேல் தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கலாநிதி அருள்மேரி கண்டி மலைப்பக்கத் தெல்தோட்டையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையொன்றில் பிறந்தவர். தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அந்த லயம் எரிந்தது. பரீட்சைக்கு வைத்திருந்த இரசாயனவியல் குறிப்புகளும் அதோடு போயின. "ஞாபகத்துல இருந்தத வச்சு எழுதினேன். நல்ல வேளை, கொஞ்சம் அதிகமாவே ஞாபகம் இருந்துச்சு" என்று ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போதும் சிரிக்கவில்லை.

வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கண்டிக்குத் திரும்பி வந்தபின்தான் எனக்கு அறிமுகமானார். நான் யாழ்ப்பாணத்தவன், பௌதிகவியல் விரிவுரையாளன். ஒரு நாள் என் அறைக்குக் கருஞ்சிவப்புத் திரவம் நிரம்பிய சிறு போத்தலுடன் வந்தார். "பிளாஸ்டிக் கரன்ட் கடத்தாதுன்னுதானே நெனைக்கிறோம். இது கொஞ்சம் கடத்தும். இத வச்சு டிரான்சிஸ்டர் செய்யலாம். தங்க முனை போட உங்களால ஏலுமா தம்பி?" என்று கேட்டார்.

அது பொலிதயோபீன் என்னும் பல்பகுதியம். நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளால் ஆன குறைகடத்தி. சிலிக்கன் துண்டொன்றில் தங்க முனைகள் படிய வைத்து, அவற்றின்மேல் இந்தத் திரவத்தைச் சுழற்றிப் பரப்பினால், மயிரிழையிலும் மிக மெல்லிய படலம் உண்டாகும். பிற்காலத்தில் இதை மைபோல அச்சடித்துத் தாளிலும் பிளாஸ்டிக்கிலும் சுற்றுகள் செய்யலாம் என்று உலகமெங்கும் முயன்றுகொண்டிருந்தார்கள். அக்காவுக்கு ஆசை வேறு. கொழுந்தின் ஈரத்தை அளக்கும் மலிவான கருவி ஒன்றைத் தொழிற்சாலை மாடிகளில் தொங்கவிட வேண்டும் என்பார்.

எங்கள் முதல் டிரான்சிஸ்டர்கள் எதுவும் அணையவில்லை. மின்னோட்டம் ஓடியது, ஆனால் நிறுத்தினால் நிற்கவில்லை. தயாரிக்கப் பயன்படும் பெரிக்குளோரைட் என்னும் இரும்பு உப்பின் மிச்சம் உள்ளே ஒட்டியிருந்ததே காரணம். நான் சலித்துப் போனேன். அவர் அந்தப் பொருளை மெதனோலில் நாட்கணக்காகக் கழுவினார்.

"ஓடுறது பெருசில்ல தம்பி. நிப்பாட்டச் சொன்னா நிக்கணும்" என்றார்.

எட்டு மாதம் கழித்து ஒன்று நின்றது. மானியின் முள் பூச்சியத்துக்கு இறங்கியதை மூன்று தடவை பார்த்தார். பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்து அழுதார். வெளியே வீதியில் இராணுவ வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன.

அதன் பிறகுதான் நகரத்தில் குண்டு வெடித்தது. தமிழ்ப் பெயர் உள்ளவர்களின் அறைகள் சோதிக்கப்பட்டன. எங்கள் ஆய்வுகூடத்தின் இரசாயனப் பட்டியலைக் கேட்டு இருவர் வந்தனர், பின்னர் வேறு இருவர் அந்தப் பட்டியலோடு வந்தனர். பட்டியலைக் கொடுத்தது யார் என்று எவரும் சொல்லவில்லை. துறையில் தேநீர் வேளையில் நாங்கள் போய் அமர்ந்தால் பேச்சு நின்றது.

நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் கருவி கொழும்பில் இருந்தது. எங்களுக்குத் திகதி கிடைத்திருந்தது.

"இந்த வாரம் வேணாம் தம்பி. ரோடு சரியில்ல" என்றார் அக்கா.

"இதை விட்டால் ஆறு மாசம் பொறுக்கவேணும் அக்கா. நான் போய்ட்டு வாறன்" என்றேன்.

பிஸ்கட் தகரமொன்றில் மாதிரிகளை அடுக்கினேன். சரிபார்க்க வசதியாக ஒரு மின்கலப் பற்றறியையும் வயர்களையும் நானே அதற்குள் வைத்தேன். அவருக்கு அது தெரியாது.

நகர எல்லைச் சோதனைச் சாவடியில் தகரத்தைத் திறந்த சிப்பாய் வெடிகுண்டென்று பின்னால் பாய்ந்தான். மதியத்துக்குள் நான் பொலிஸ் நிலையத்தில் இருந்தேன். உறுதிப்படுத்துவதற்காக அக்காவை அழைத்தார்கள். அவர் வந்து மேசைமேல் கிடந்த பற்றறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாருடையது?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

"எல்லாம் என்னுடையது. இவர் கொண்டு போனவர் மட்டும்தான்" என்று அக்கா தெளிவான சிங்களத்தில் சொன்னார்.

நான் வாய் திறக்கவில்லை. பற்றறியை வைத்தவன் நான் என்பதை இன்றுவரை எங்கும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

அன்று பின்னேரமே என்னை விட்டார்கள். அவரைப் பத்தொன்பது நாட்கள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கதவில் நசுங்கியது என்றார். பூட்டிய ஆய்வுகூடத்தில் படலங்கள் காற்றுப் பட்டுக் கெட்டிருந்தன. இடது கையால் குடுவையை எடுத்தார்.

"ஏன் அக்கா அப்பிடிச் சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"உங்க அடையாள அட்டையில பொறந்த எடம் யாழ்ப்பாணம். என்னோடதுல தெல்தோட்டை. நான்னா திரும்பி வருவேன். நீங்கன்னா வரமாட்டீங்க. அந்தத் தாங்கியப் புடிங்க."

அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அவருடைய விடுதிக்கு எதிரே அவ்வப்போது ஒரு வாகனம் நின்றது. சில மாதம் வராது, மறுபடி வரும். வெளிநாட்டு அழைப்பு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அனுமதி தாமதித்தே கிடைத்தது. அவர் அந்தப் பொருளைக் கழுவிக்கொண்டே இருந்தார். கடைசியாகச் செய்த படலங்கள் காற்றிலும் ஒரு வாரம் தாக்குப்பிடித்தன. ஈரமானியை மட்டும் முடிக்க விடவில்லை காலம்.

அடக்கத்துக்குப் புறப்பட்ட எங்கள் வான் வண்டி தோட்டத்துச் சந்தியில் நிறுத்தப்பட்டது. சிவில் உடையில் இருவர் அப்பியாசக் கொப்பியில் பெயர்களை எழுதுவித்தார்கள். என்னோடு வந்த நால்வர் வானிலேயே திரும்பிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. கொப்பியில் இறந்தவருக்கு என்ன உறவு என்றொரு கட்டம் இருந்தது. தம்பி என்று எழுதினேன். அந்த மனிதர் என் அடையாள அட்டையை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டேயிருந்தது. தோட்டத்து ஆண்கள் இறங்கித் தகர வாளியால் அள்ளி ஊற்றினார்கள். சவப்பெட்டி, உட்காரும் வாங்குகள் இரண்டின் மேல் காத்திருந்தது. பெண்கள் செபமாலையை நிறுத்தவில்லை. மேலே பாதையோரம் ஒரு வாகனத்தின் எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. அங்கு நின்ற நூறு பேரில் ஒருவரும் கலைந்து போகவில்லை.

போய் வாருங்கள் அக்கா. மண் மூடும்வரை நாங்கள் எல்லோரும் அங்கேயே நின்றோம்.