வாப்பாவின் முடிச்சு

மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வலயில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் பஸீர் நானா பொய்க்கு அஞ்சிய மனிதர். விலையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வார். அது வியாபாரம், அதைப் பொய்யில் சேர்க்கக் கூடாது. ஆனால் ‘வல்லாஹி, இது எங்கட கரைக் கருவாடு’ என்று அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டால் அது ஆணைதான். அந்த ஒரு சொல்லுக்காக மாத்தளையிலிருந்தே ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள்.

அவர் பிறந்த கரை மன்னாருக்குத் தெற்கே இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் இயக்கக்காரர்கள் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றியபோது அவருக்குப் பத்து வயது. புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, மாத்தளைப் பெண் றிஸ்லாவைக் கட்டி மாத்தளைக்காரர் ஆனார். யுத்தம் முடிந்து மாமி மகன் ஹுஸ்னி கரைக்குத் திரும்பியதும் அங்கிருந்து கருவாடு வரத் தொடங்கியது. பனையோலையில் பொதிந்து, கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிய கட்டு. அந்தக் கரையில் மட்டும்தான் அப்படிக் கட்டுவார்கள். வாப்பாவும் அப்படித்தான் கட்டினார். முடிச்சைத் தடவிப் பார்த்தால் போதும், பஸீர் வேறெதையும் சோதிக்க மாட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹுஸ்னியின் மகள் கலியாணத்துக்குப் போனார். ஏழு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் கரையைப் பார்த்தார். மீன் காயவைக்கும் பரண் ஒன்றுகூட இல்லை. வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் பெண்கள், வெளிநாட்டு எழுத்துப் போட்ட பெட்டிகளைப் பிரித்துக் கருவாட்டைப் பனையோலையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று சுற்று. நுனி உள்ளே. பஸீர் ஹுஸ்னியைத் தேடிப் போனார்.

ஹுஸ்னி எதையும் மறைக்கவில்லை. “இழுவைப் படகு கடலை அடியோட வழிச்சிட்டுது, மச்சான். மீனுக்கு எங்க போறது? இந்தக் கட்டை நம்பித்தான் இங்க இருபது அடுப்பு எரியுது.”

பஸீர் கலியாணச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினார். அறியாமல் இட்ட ஆணைக்குக் குற்றமில்லை என்று பஸ்ஸில் தன்னையே தேற்றிப் பார்த்தார். சரி, நாளைக்கு என்ன செய்வது? வாயைத் திறந்தால் கடையும் போகும், அந்த இருபது அடுப்பும் அணையும்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து மாத்தளையில் படிப்பித்து ஓய்வு பெற்ற சந்திரவதனா டீச்சர். கனடாவிலிருக்கும் மகனுக்கு அனுப்ப இரண்டு கட்டு வேண்டுமென்றார். பஸீரின் சத்தியத்தைச் சொன்னால்தான் அவன் வாயில் வைப்பானாம்.

பஸீர் ஒரு கட்டு எடுத்தார். கை பழக்கத்தில் முடிச்சைத் தடவியது.

“டீச்சர், கட்டு எங்கட ஊருதான். மீன் எங்கட கடல் இல்ல. எங்கயோ வெளிநாடு. நேத்துத்தான் கண்ணால பார்த்தேன்.”

டீச்சர் ஏசுவார் என்று பஸீர் நினைத்தார். அவர் ஏசவில்லை. “எப்ப இருந்து இப்படி?” என்று மட்டும் கேட்டார்.

ஹுஸ்னியிடம் அதைக் கேட்க பஸீருக்குத் தோன்றியிருக்கவே இல்லை. ஒரு வருடமா, ஏழு வருடமா? அல்லாஹ்வின் பெயரால் இட்ட அத்தனை சத்தியத்திலும் கடைசியாக உண்மையாக இருந்தது எது என்று அவருக்கே தெரியாது.