காலைச் சாப்பாட்டுடன் ஓர் அறை

ஒன்பது வயதில் எனக்கு ஒரேயொரு எதிரி இருந்தான். அவனுக்கு இரண்டரை வயது. இன்னும் பம்பர்ஸ் கட்டிக்கொண்டிருந்தான். எதிரியைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் நான் ஆரம்பத்திலிருந்தே கவனமான ஆள். தோற்கக்கூடிய இடத்தில் காலை வைப்பதில்லை. அப்படியிருந்தும் தோற்றேன் என்பதுதான் கதை.

மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அப்போது இருந்தோம். அந்தக் குளிர்காலத்தில் அம்மா வீட்டிலேயே கார்டரி தொடங்கினார். பகலில் மற்றவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதலில் வந்தவை இரண்டு தமிழ்க் குழந்தைகள். மூன்றாவதாக வந்தவன் மீஷா. வீட்டில் ரஷ்ய மொழி மட்டுமே கேட்டு வளர்ந்தவன். காலையில் அவனுடைய தாய் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கியதும் தொடங்கும் அழுகை, மாலையில் அவர் திரும்பிப் படியேறும்வரை ஓயாது. அம்மா தமிழில் கொஞ்சினால் அழுதான். நான் பிரெஞ்சில் அதட்டினால் இன்னும் அழுதான். இப்படியே போனால் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள் என்று அம்மா பயந்தார். நான் நம்பிக்கையோடு காத்திருந்தேன்.

ஆனால் அம்மா நூலகத்துக்குப் போய் ஒரு பச்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கான பேச்சு ரஷ்ய மொழி, ஆறு சீடிகள். ஒரு மனிதர் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்வார். ஒரு பெண் அதை ரஷ்யனில் சொல்வாள். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்த இடைவெளியில் நாம் சொல்ல வேண்டும். அம்மா கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டே ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் ஒரு ரஷ்ய வசனத்தைப் போட்டு நிரப்புவார். வேலையால் வந்த அப்பா வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி, “என்னப்பா, புட்டினுக்கே தேத்தண்ணி ஊத்தப் போறீர்?” என்று கேட்டுவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். அம்மாவுக்குச் சிரிக்க நேரமில்லை. அடுத்த இடைவெளி வந்துகொண்டிருந்தது.

அந்தப் பாடம் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்பட்டது என்பதுதான் சிக்கல். ‘அழாதே’ அதில் இல்லை. ‘அம்மா பின்னேரம் வருவா’ இல்லை. ஹோட்டலும் மெட்ரோவும் பில்லும்தான் இருந்தன. அம்மா கவலைப்படவில்லை. மீஷாவை இடுப்பில் வைத்து ஆட்டியபடி, தாலாட்டுகிற குரலில், “மன்னிக்கவும், மெட்ரோ எங்கே இருக்கிறது?” என்று ரஷ்யனில் கேட்டார். “சாளரப் பக்கம் ஒரு மேசை தாருங்கள், என்ர குஞ்சு” என்றார். அவன் அழுகையை நிறுத்தினான். வாயைத் திறந்தான். சோறும் பருப்பும் உள்ளே போயின.

எனக்கு வயிறு எரிந்தது. சொற்களுக்காக அல்ல, அவை வெறும் ஹோட்டல் வசனங்கள். அந்தக் குரலுக்காக. எனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் அலுமாரியிலிருந்து வெளியே எடுக்கப்படுகிற குரல் அது. என்னுடைய சொத்து. அதை ஒருவன் தினமும், காய்ச்சல்கூட இல்லாமல், அனுபவித்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு மனக்குறையும் இருந்தது. அம்மா எனக்காகப் பிரெஞ்சு படிக்கவில்லையே! பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்புக்கு என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போவார். ஆசிரியை பிரெஞ்சில், “இவள் வாய் ஓயாமல் கதைக்கிறாள், பக்கத்தில் இருக்கிற எவரையும் படிக்க விடுவதில்லை” என்பார். நான் தமிழில், “வகுப்பிலே எல்லாருக்கும் உதவி செய்யிறேனாம்” என்பேன். அம்மா பெருமையோடு தலையாட்டுவார். அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாததால் எனக்குக் கிடைத்த லாபம் கொஞ்சமல்ல. அதை அனுபவித்துக்கொண்டே அவர் படிக்கவில்லை என்று கோபித்துக்கொள்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை.

மார்ச்சில் பள்ளிக்கூட விடுமுறை வந்தது. அந்த ஒரு வாரமும் அம்மாவோடு வீட்டில் இருக்கலாம் என்று நான் கார்த்திகையிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருந்தவள். முதல் நாள் முழுக்க அம்மாவின் இடுப்பில் மீஷா இருந்தான். இரண்டாம் நாள் நான் சீடியோடு போட்டிக்கு இறங்கினேன். இடைவெளி வந்ததும் அம்மாவுக்கு முன்னால் கத்திச் சொன்னேன். உச்சரிப்பும் எனக்குத்தான் நன்றாக வந்தது.

“சத்தம் போடாதை பிள்ளை, எனக்கு என்ர குரலே கேக்கேல்லை” என்றார் அம்மா.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு. நான்காவது சீடியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். அதில் ஒரு பயணி பெட்டியோடு ஹோட்டலுக்கு வருகிறான். வரவேற்பில் இருப்பவள் ஈவிரக்கமில்லாமல், “மெஸ்த் நியெத்” என்கிறாள். இடமில்லை என்று அர்த்தம். இத்தனை சீடிகளிலும் எனக்குப் பிடித்த பாத்திரம் அவள்தான். அவள் மூக்கை நிமிர்த்துகிற விதம்கூட எனக்குக் குரலிலேயே தெரிந்தது.

மூன்றாம் நாள் மதியம். அம்மா மற்றப் பிள்ளைகளில் ஒன்றுக்குப் பம்பர்ஸ் மாற்ற அறைக்குள் போனார். நான் மீஷாவின் கதிரைக்கு முன்னால் போய் நின்று, மூக்கை நிமிர்த்தி, “மெஸ்த் நியெத்” என்றேன். அவன் அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். மறுபடி சொல்லிவிட்டு, சீடிக்காரியைப் போலவே, கொஞ்சம் பொறுத்தேன். அந்த இடைவெளியில் அவன், பருப்பு ஒட்டிய வாயால், தெளிவாக, “மெஸ்த் நியெத்” என்றான். பிறகு சிரித்தான். பின்னேரம்வரை அதையே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான். எதிரி இப்படி ஒத்துழைத்தால் எவரால்தான் சண்டை பிடிக்க முடியும்?

அவன் வீட்டிலும் பாடியிருக்கிறான்.

மொன்றியலில் கார்டரியில் இடம் பிடிப்பது லேசான காரியமில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. மறுநாள் காலை மீஷாவின் தாய் கண்கள் சிவந்து வாசலில் நின்றார். பனிச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. என்னைப் பார்த்து அவசரப் பிரெஞ்சில் கேட்டார்: “என் பிள்ளைக்கு இடமில்லையென்று யார் சொன்னது? வேறு யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா? நான் வேலையை விட முடியாது.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “என்னவாம்?”

“நேற்றுக் குடுத்த புட்டு நல்லா இருந்ததாம்” என்றேன்.

“புட்டு நல்லா இருந்ததுக்கு ஏனடி அழுறா?”

“உறைப்புக் கூடிப்போச்சாம்.”

அம்மா என்னைப் பார்த்தார். ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் உயர்ந்தது. அப்போது அந்தப் பெண் மீஷாவைத் தூக்கி அணைத்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல “மெஸ்த் நியெத்” என்றார். அம்மாவின் முகம் மாறியது. நான்காவது சீடியை அம்மாவும்தானே கேட்டிருந்தார்.

அம்மா ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். நிமிர்ந்து நின்றார். பிறகு, தட்டுத்தடுமாறி, ஆனால் ஒரு சொல்லையும் விடாமல், ரஷ்யனில் சொன்னார்:

“இடம் இருக்கிறது. ஓர் அறை. ஒருவருக்கு. காலைச் சாப்பாட்டுடன். தயவுசெய்து வாருங்கள். எத்தனை இரவு தங்குவீர்கள்?”

அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே அழுதார். ரஷ்யனில் எதையோ நீளமாகச் சொன்னார். அது எந்தச் சீடியிலும் இல்லை. அம்மாவும் ஒன்றும் விளங்காமலே, நல்லது என்று அர்த்தமான “ஹரஷோ, ஹரஷோ” சொல்லி அவருடைய முதுகைத் தடவினார். அந்தக் குரலில்தான். இப்போது அது தாய்க்கும் கிடைத்துவிட்டது.

அவர் போனபிறகு நான் அடி விழும் என்று நின்றேன். அம்மா மீஷாவின் மேற்சட்டையைக் கழற்றியபடி, என்னைத் திரும்பிப் பாராமல், “நாலாம் சீடியைக் கொண்டந்து பெட்டிக்குள்ளை வை” என்றார். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். புட்டுக் கதை எடுபட்டுவிட்டது என்று பல வருடங்கள் நம்பினேன்.

போன மாதம் என் மகளின் பள்ளிக்கூட அறிக்கை வந்தது. வாய் கூடவாம். அதை அம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, என்னுடைய பழைய ஆசிரியை சொன்ன அந்தப் பிரெஞ்சு வசனத்தை, அவருடைய மூக்கால் இழுக்கிற குரலிலேயே, ஒரு சொல் பிசகாமல் சொல்லிக் காட்டினார். நான் பிறக்கமுன்னம் இரண்டு வருடம் பிரெஞ்சு வகுப்புக்குப் போனாராம். “கதைக்கத்தான் வெக்கம். விளங்காதெண்டு நான் எப்ப சொன்னனான்?” என்றார்.

அந்தப் பெற்றோர் சந்திப்புகள் முடிந்து ஷேர்புரூக் தெரு பஸ்ஸில் வீட்டுக்கு வருவோம். ஜன்னலோரத்தில் என்னை இருத்திவிட்டு, “வேறென்ன சொன்னவ?” என்று அம்மா கேட்பார். நான் புளுகுவேன். “பேந்து?” என்பார். இன்னும் புளுகுவேன். இறங்குகிற இடம்வரை அம்மா என் முகத்தைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.