சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

போன ஆண்டு, மலேசிய மலையூரான ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் பழைய வீட்டு வாசலில் நடந்தது இது. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1. சர்க்கரை நோயால் அம்மாவின் வலது காலை எடுத்துவிட்டார்கள்.
2. அவருக்காகக் குளியலறைக் கதவை அகலமாக்கினோம். வாசற்படியை உடைத்துச் சாய்வுப் பாதை போட்டோம். நான் கட்டடப் பொறியியல் படித்தவள். வரைபடம் என்னுடையது.
3. பாதை ஓரத்துத் தடுப்புக் கட்டை மட்டும் பாக்கி. மழை விடவில்லை.
4. அதற்குள் மின்சாரச் சக்கர நாற்காலி வந்து இறங்கிவிட்டது.

தடுப்பு கட்டும்வரை வெளியே ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அத்தை தட்டோடு வந்து நின்றார்.

"புது வண்டிய பூச போடாம வெச்சிருக்கியே, என்னா பிள்ள லா நீ?"

"அத்தே, இது நாற்காலி."

"சக்கரம் இருக்கு, ஹாரன் இருக்கு. உன் மோட்டார் பைக்க விட வெல ஜாஸ்தி. இன்னும் என்னா வேணுமாம்?"

அம்மா சிரித்துவிட்டார். கால் போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

சாய்வுப் பாதையின் மேல்முனையில் அம்மாவோடு நாற்காலியை நிறுத்தி, சந்தனம், குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சக்கரங்களுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார் அத்தை. "ஏத்தி நசுக்குங்க அண்ணி!"

வலப்பக்கப் பழம் நசுங்கியது. இடப்பக்கப் பழம் நசுங்கவில்லை. அந்தச் சக்கரம் முட்டி நிற்க, நாற்காலி சட்டென்று இடப்பக்கம் திரும்பி, தடுப்பில்லாத ஓரத்துக்குப் போய்விட்டது. கீழே ஆளுயரக் கால்வாய்.

நான் கத்தக்கூட இல்லை. விறைத்துப்போய் நின்றேன். அத்தைதான் தட்டை வீசிவிட்டுப் பாய்ந்து, சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் கையைக் கொடுத்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா விசையிலிருந்து கையை எடுத்தார். நாற்காலி நின்றது.

அத்தையைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு ஓட்டினேன். பாதி வழியில் அத்தை முனகினார்: "பழம் காயா இருந்துச்சு. அமுக்கிப் பாத்து வாங்கியிருக்கணும்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

எந்த வீட்டுக்கு வரைபடம் போட்டாலும் இப்போது எனக்கு முதலில் அந்தச் சத்தம்தான் கேட்கிறது. தடுப்புக் கட்டை கட்டியாகிவிட்டது. அத்தையின் மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்குவதில்லை. தினமும் காலையில் அம்மா அந்தப் பாதையில் இறங்கிப் போய் அவருக்குத் தலை பின்னிவிட்டு வருகிறார்.